பஞ்சு போன பிறகு: கினிப் பன்றிக்குத் துணை தேடிய கதை

போன ஐப்பசியில் எங்கள் வீட்டுக் கினிப் பன்றி பஞ்சு செத்துப்போனது. வயது ஐந்து. இவை பொதுவாக 5 முதல் 8 ஆண்டுகள்தான் வாழும் என்பதால் கணக்குப்படி குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஏழாவது படிக்கும் மகளிடம் கணக்கு எடுபடுமா? உத்தமபாளையம் வீட்டுக் கொல்லையில் முருங்கை மரத்தடியில் புதைத்துவிட்டு வந்த அன்றைக்கு ராத்திரியே என் அம்மா, "ஏப்பா, தேனில ஒண்ணு வாங்கிட்டு வந்துரு, புள்ளைக்கு மனசு ஆறிரும்"னு சொன்னாங்க. மகள் அதற்கு மேல் அழுதாள். "புதுசு வந்தா பஞ்சுவ மறந்துருவோம்லப்பா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. வழக்கம்போல வாசிக்க உட்கார்ந்தேன். நான் படித்தது பி.இ., விலங்கியல் இல்லை. அதை மனதில் வைத்து வாசியுங்கள்.

கேள்வியே வேறு

நாங்கள் மூன்று பேரும் எங்கள் துக்கத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம். கூண்டில் இன்னொருத்தி இருந்தாள்: மிளகு. பஞ்சுவோடு வளர்ந்தவள். பிளாஸ்டிக் கவர் சரசரத்தாலே கொத்தமல்லி வருதுன்னு கீச்சிடுகிறவள், இரண்டு நாளாகச் சத்தமே இல்லை. புல்லையும் பாதிதான் தின்றாள்.

இது வெறும் சோகமில்லை, ஆபத்து. கினிப் பன்றியின் குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டிய இயந்திரம். ஒரு நாள் முழுக்கத் தின்னாமல் கிடந்தாலே குடல் இயக்கம் நின்று உயிருக்கே வினையாகலாம். அதனால் சமையலறைத் தராசில் தினமும் எடை பார்க்க ஆரம்பித்தோம்.

ஜெர்மனியின் மூன்ஸ்டர் பல்கலைக்கழகத்தில் நோர்பர்ட் சாக்சர் குழுவினர் செய்த ஆய்வு கண்ணைத் திறந்தது. ஓர் ஆண் கினிப் பன்றியைப் பழகாத கூண்டில் தனியாக விட்டால், கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் ஏறுகிறது. அதற்கு நெருக்கமான ஜோடி கூட இருந்தால் அந்த ஏற்றம் நன்றாகக் குறைகிறது. முன்பின் தெரியாத பெண்ணை விட்டால் அந்த அளவுக்குக் குறைவதில்லை. அதாவது, துணை என்றால் யாரோ ஒருவர் இல்லை, பழகிய துணை. பழகுவதற்கு நாளாகும். ஆகவே சும்மா தள்ளிப்போடுவதும் மிளகுக்கு நல்லதில்லை.

முடிவில்லாத லூப்

சுவிட்சர்லாந்தில் 2008 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த விலங்குப் பாதுகாப்பு விதிகள், கூட்டமாக வாழும் பிராணிகளைத் தனியாக வளர்க்கக் கூடாது என்கின்றன. கினிப் பன்றியும் அதில் சேர்த்தி. அங்கே உடனே ஒரு சிக்கல் வந்தது. இரண்டில் ஒன்று செத்தால் இன்னொன்று வாங்க வேண்டும். மிச்சமிருந்த கிழடு போனால் புதுசு தனியாகும், அதற்கு இன்னொன்று. நிறுத்தக் கட்டளை இல்லாத லூப்! இதற்காகவே ஒருவர் கினிப் பன்றிகளை வாடகைக்குத் தர ஆரம்பித்தார். கிழட்டுக்குத் துணையாக ஒன்றைக் கூட்டிப்போய், அது போனதும் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

கம்பம் பள்ளத்தாக்கில் வாடகைக்கு டிராக்டர் கிடைக்கும், கினிப் பன்றி கிடைக்காது. நாங்கள் வேறு வழி பிடித்தோம். ஒன்றுக்குப் பதில் இரண்டு, அதுவும் ஏற்கெனவே ஒன்றாக வளர்ந்த இரண்டு. மிளகு போனாலும் இவை தனியாகாது. மதுரையில் வெளிநாடு கிளம்பிய ஒரு குடும்பம் இரண்டு வயதுச் சகோதரிகள் இருவரை யாருக்காவது கொடுக்க நினைத்தார்கள். சுண்டல், சுக்கு என்று பெயர் வைத்தாள் மகள்.

நாங்கள் கற்றவை

முதலில் ஆணா பெண்ணா என்று தெரிந்தவரிடம் காட்டிப் பாருங்கள். ஆண் குட்டி மூன்று வாரத்திலேயே இனப்பெருக்கத்துக்குத் தயாராகலாம். சினைக்காலம் இரண்டு மாதத்துக்குச் சற்று மேல். குட்டி போட்ட சில மணி நேரத்திலேயே தாய் மறுபடி சினையாகலாம். கலந்து வாங்கினால் ஒரு வருடத்தில் கூண்டு ஊராகிவிடும்.

துணைக்கு முயல் விடலாமே என்பார்கள். வேண்டாம். முயலுக்கு ஒன்றும் செய்யாத போர்டிடெல்லா என்ற கிருமி இவற்றுக்கு நிமோனியா தரும். முயலின் உதையும் பொல்லாதது.

புதுசு வந்தவுடன் சேர்க்காதீர்கள். இரண்டு, மூன்று வாரம் வேறு அறையில் வைத்து, தும்மல், சொறி, எடை பாருங்கள். பிறகு இருவருக்கும் சொந்தமில்லாத இடத்தில் விடுங்கள். நாங்கள் மொட்டைமாடி அறையில் விட்டோம். நாலைந்து இடத்தில் புல், இரண்டு பக்கமும் வாசல் வைத்த அட்டைப் பெட்டிகள். துரத்துவதும் உறுமுவதும் சகஜம். பல்லை நறநறவென்று கடித்தால் எச்சரிக்கை. ரத்தம் வந்தால் பிரித்துவிடுங்கள்.

நம்மைப் போலவே இவற்றின் உடம்பும் வைட்டமின் சி தயாரிக்காது. 1907-ல் நார்வேயில் ஹோல்ஸ்ட், ஃப்ரோலிக் இருவரும் தானியம் மட்டும் கொடுத்து வளர்த்த கினிப் பன்றிகளுக்கு ஸ்கர்வி வந்ததைக் கண்டார்கள். குடைமிளகாய், கொத்தமல்லி, ஒரு சின்னத் துண்டு நெல்லிக்காய் போதும். முக்கிய உணவு எப்போதும் புல்தான். பல் வாழ்நாள் முழுக்க வளர்வதால் அரைத்துக்கொண்டே இருக்க வேண்டும். நம்ம ஊரில் ஒரு கவனம்: திராட்சைத் தோட்ட ஓரப் புல் பச்சைப்பசேல்னு இருக்கும், மருந்து அடித்ததும் அதுதான். அங்கே அறுக்காதீர்கள்.

வெயில் 30 டிகிரியைத் தாண்டினால் இவற்றுக்கு ஆபத்து. சித்திரையில் சொல்லவே வேண்டாம். நிழல், காற்று, படுக்கக் குளிர்ந்த மண் ஓடு வேண்டும்.

மருத்துவரிடம் போனால் இது கினிப் பன்றி என்பதை நினைவுபடுத்துங்கள். வாய்வழி பெனிசிலின் வகை மருந்துகள் குடலின் நல்ல பாக்டீரியாவைக் கொன்று இவற்றையே கொன்றுவிடும். 1940 மே 25 அன்று ஆக்ஸ்போர்டில் பெனிசிலினைச் சோதித்தது சுண்டெலிகளிடம். அன்றைக்குக் கையில் கினிப் பன்றி இருந்திருந்தால் அந்த மருந்தை ஓரம்கட்டியிருப்பார்களோ என்னவோ!

மறப்பது பற்றி

நான்காம் நாள் சுண்டல் பெட்டிக்குள் நுழைந்தபோது மிளகு துரத்தவில்லை. அடுத்த வாரம் கவர் சத்தத்துக்கு மூன்று குரல் கேட்டது. மிளகின் எடையும் பழையபடி ஏறியது.

மகளிடம் அப்போதுதான் பதில் சொன்னேன். "இவங்க பஞ்சு இடத்துக்கு வரலம்மா. மிளகுக்காக வந்திருக்காங்க." அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப பஞ்சு இடம் அப்படியே இருக்கட்டும்"னாள். முருங்கை மரத்தடியில் அருகம்புல் வளர்ந்திருக்கிறது. அதை மட்டும் யாரும் அறுப்பதில்லை.