ஆடைத் திரையச்சு வலைத்துணியும் சட்டமும்

திரையச்சு வலைத்துணி என்பது, திரையச்சு முறையில் மையை அச்சிடும் பொருளின் மீது இறக்குவதற்காக, ஒரு சட்டத்தில் இழுத்துக் கட்டப்படும் நுண்ணிய நெசவுத்துணி ஆகும். தொழில் வழக்கில் வலைத்துணி மெஷ் என்றும், சட்டம் பிரேம் என்றும், இரண்டும் சேர்ந்தது ஸ்கிரீன் என்றும் வழங்கப்படுகின்றன. ஒளியுணர் பசை பூசி, படம் உள்ள இடங்களை மட்டும் திறந்துவிட்டு, ஸ்குவீஜி எனப்படும் இரப்பர்ப் பட்டையால் மை அழுத்தி இழுக்கப்படும்போது, வலையின் கண்கள் வழியாக மை ஆடையில் படிகின்றது. எவ்வளவு மை படியும் என்பதை முதன்மையாகத் தீர்மானிப்பது வலைத்துணியே.

திருப்பூர் போன்ற பின்னலாடை மையங்களில், அச்சிடுதல் பெரும்பாலும் தையலுக்கு முன்பாக, வெட்டிய துண்டுகளின் மீது நடைபெறுகின்றது. நூல், பின்னல், சாயம், வெட்டு ஆகியவற்றுக்கான செலவுகள் அனைத்தும் அதற்குள் முடிந்துவிடுகின்றன. ஆகவே இக்கட்டத்தில் நேரும் பிழை மை இழப்போடு நிற்பதில்லை, துண்டே கழிவாகிவிடுகின்றது.

வலைத்துணியின் மூலப்பொருள்

இம்முறை முதலில் பட்டுத்திரை அச்சு என்று அழைக்கப்பட்டது. மாவாலைகளில் மாவு சலிப்பதற்கென நெய்யப்பட்ட பட்டுத்துணியே அக்காலத்தில் திரையாகப் பயன்பட்டது. 1907 இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரைச் சேர்ந்த சாமுவேல் சைமன் இவ்வகை அச்சு முறைக்குக் காப்புரிமை பெற்றார். தற்போது ஆடை அச்சில் பட்டுக்கு இடமில்லை எனலாம். ஒற்றை இழையாலான பாலியெஸ்டர் துணியே பயன்படுகின்றது. நைலான் ஈரத்தை உறிஞ்சித் தளர்வதால், பல நிறங்களைச் சரியாகப் பொருத்தி அச்சிடும் வேலைகளுக்கு அது ஏற்றதன்று.

வலை எண்

குறிப்பிட்ட நீளத்துக்குள் அமைந்துள்ள இழைகளின் எண்ணிக்கை வலை எண் ஆகும். அமெரிக்க வழக்கில் இது அங்குலத்துக்கும், ஐரோப்பிய வழக்கில் சென்டிமீட்டருக்கும் கணக்கிடப்படுகின்றது. சென்டிமீட்டர் எண்ணை 2.54 ஆல் பெருக்கினால் அங்குல எண் கிடைக்கும். இதன்படி 43 என்பது ஏறத்தாழ 110 ஐயும், 61 என்பது 155 ஐயும், 90 என்பது 230 ஐயும், 120 என்பது 305 ஐயும் குறிக்கும். அலகைக் குறிப்பிடாமல் "120 மெஷ்" என்று மட்டும் சொன்னால், கேட்பவர் இருவகையாகவும் பொருள் கொள்ள இடமுண்டு. ஒன்று அடர்ந்த மைப்படலத்துக்கான பருமனான வலை. மற்றொன்று மெல்லிய புள்ளிகளுக்கான நுண்வலை. எழுத்தில் அலகைக் குறிப்பிடுவதே இக்குழப்பத்தைத் தவிர்க்கும் எளிய வழி.

இழை விட்டம்

வலை எண் மட்டும் தெரிந்தால் போதாது. ஒரே எண்ணுள்ள இரு துணிகள் வெவ்வேறு பருமனான இழைகளால் நெய்யப்பட்டிருக்கலாம். முன்பு இவ்வேறுபாட்டைக் காட்ட எண்ணுக்குப் பின் ஓர் ஆங்கில எழுத்து சேர்க்கப்பட்டது. "43டி" போன்ற பெயர்கள் இன்றும் வழக்கில் உள்ளன. இழை விட்டத்தை மைக்ரானில் சேர்த்து 77-48 என்றோ 77-55 என்றோ எழுதுவது இதைவிடத் தெளிவானது.

இவ்விரண்டு துணிகளையே எடுத்துக்கொள்ளலாம். சென்டிமீட்டருக்கு 77 இழைகள் எனில், ஓர் இழையின் நடுவிலிருந்து அடுத்த இழையின் நடு வரை ஏறத்தாழ 130 மைக்ரான். இதிலிருந்து 48 மைக்ரான் இழையைக் கழித்தால் கண்ணின் அகலம் 82 மைக்ரான். 55 மைக்ரானைக் கழித்தால் 75 மைக்ரான். கண்ணின் அகலத்தை இழை இடைவெளியால் வகுத்து வர்க்கப்படுத்தினால் திறந்த பரப்பின் பங்கு கிடைக்கும். முதல் துணியில் இது ஏறத்தாழ 40 விழுக்காடு, இரண்டாவதில் 33 விழுக்காடு. நெசவில் இழைகள் சிறிது நசுங்குவதால் உண்மையான அளவுகள் சற்று மாறுபடும். இருப்பினும், பெயரளவில் ஒன்றான இரு வலைகள் ஏன் ஒரே மையை வெவ்வேறு விதமாக இறக்குகின்றன என்பதை இக்கணக்கு விளக்குகின்றது. மெல்லிய இழைத்துணியில் மை எளிதாக இறங்குவதால் பட்டையை அழுத்த வேண்டிய விசை குறையும். ஆனால் அது விரைவில் கிழியக்கூடியது.

வேலைக்கேற்ற வலை

நுண்ணிய வலையே தரமான வலை என்னும் எண்ணம், தொழிலுக்குப் புதியவர்களிடம் காணப்படும் தவறு. கறுப்பு ஆடையில் வெள்ளை அச்சிடும்போது அடித்துணியின் நிறம் மறைய வேண்டும். இதற்கு அங்குலத்துக்கு 110 முதல் 156 வரையிலான வலை தேவைப்படும். 305 வலையில் எத்தனை முறை இழுத்தாலும் வெள்ளை சாம்பல் நிறமாகவே தோன்றும். மறுபுறம், தேவைக்கு மேல் பருமனான வலை கெட்டியான படலத்தை இறக்கும். பிளாஸ்டிசால் மை முழுமையாக உறைவதற்குப் படலத்தின் அடிப்பகுதி வரை ஏறத்தாழ 160 பாகை செல்சியசு வெப்பம் எட்ட வேண்டும். மேற்பரப்பு மட்டும் உறைந்த அச்சு, பார்வைக்கு நன்றாகவே இருந்து, வாங்கியவரின் வீட்டில் துவைக்கும்போது வெடித்து உதிரும்.

வெள்ளை அடித்தளத்தின் மேல் வரும் நிறங்களுக்கு 230 அளவிலான வலை போதுமானது. மினுக்குத் துகள்கள் கலந்த மைக்கு 24 முதல் 40 வரையிலான மிகப் பருமனான வலை வேண்டும். இல்லையெனில் துகள்கள் வலையிலேயே தங்கிவிடும். நீர் சார்ந்த மைகள் நுண்வலையின் கண்களில் உலர்ந்து அடைத்துக்கொள்வதால், அவற்றுக்கு 110 முதல் 160 வரை பொருத்தமானது.

ஹாஃப்டோன் எனப்படும் புள்ளிப் படங்களில் வலை எண், அங்குலத்துக்கான புள்ளி வரிசைகளைப் போல் 4 முதல் 5 மடங்கு இருக்க வேண்டும் என்பது நடைமுறை விதி. 55 வரிசைகளுக்கு 230 வலையும், 65 வரிசைகளுக்கு 305 வலையும் பொருந்தும். மடங்கு குறைந்தால் சிறிய புள்ளிகள் இழைகளின் மேல் அமர்ந்து மறைந்துபோகும். புள்ளிகளின் வரிசையும் இழைகளின் வரிசையும் மோதி அலை போன்ற கோலம் தோன்றுவதும் உண்டு. புள்ளிகளின் கோணத்தை 22.5 பாகைக்கு மாற்றுவது இதைக் குறைக்கும். இவ்வேலைகளுக்கு மஞ்சள் சாயமிட்ட வலை விரும்பப்படுகின்றது. வெள்ளை இழைகள் ஒளியைச் சிதறடித்து நுண்கோடுகளைக் கெடுக்கும். மஞ்சள் இழைகள் அதைத் தடுக்கும். ஆனால் ஒளிகாட்டும் நேரம் கூடும்.

சட்டத்தின் அளவு

படம் சட்டத்துக்குள் அடங்கினால் போதும் என்று கருதுவது இன்னொரு தவறு. அச்சிடும்போது வலை ஆடையைத் தொடாமல் சில மில்லிமீட்டர் உயரத்தில் நிற்கும். பட்டை அழுத்தும் இடத்தில் மட்டும் தொட்டு, உடனே மீள வேண்டும். இவ்விடைவெளி 3 மில்லிமீட்டர் எனவும், பட்டையின் முனை சட்டத்திலிருந்து 75 மில்லிமீட்டர் தள்ளியிருக்கின்றது எனவும் கொண்டால், இடையிலுள்ள வலை 0.08 விழுக்காடு நீள வேண்டும். முனை 25 மில்லிமீட்டர் அருகில் வந்தால் அது 0.7 விழுக்காடாகும், அதாவது ஏறத்தாழ 9 மடங்கு. ஓரங்களில் படம் இழுபடுவதும், நிறங்கள் விலகுவதும், வலை அவ்விடத்திலேயே கிழிவதும் இதனாலேயே.

பக்கவாட்டில் 3 அங்குலமும், மை தேங்கி நிற்க வேண்டிய இரு முனைகளில் 4 அங்குலமும் விடுவது வழக்கம். 12 அங்குல அகலமும் 14 அங்குல உயரமும் உள்ள படத்துக்கு, இக்கணக்கில் உள்ளளவு 18 க்கு 22 அங்குலம் தேவை. சட்டங்கள் வெளியளவால் விற்கப்படுவதை இங்கு மறக்கலாகாது. 1.5 அங்குலக் குழாயாலான 20 க்கு 24 அங்குலச் சட்டத்தின் உள்ளளவு 17 க்கு 21 மட்டுமே. 23 க்கு 31 சட்டத்தில் 20 க்கு 28 கிடைக்கும். மிகப் பெரிய சட்டமும் சிக்கலே. நீண்ட மேசைகளில் ஒவ்வொரு துண்டாகச் சட்டத்தைத் தூக்கி வைத்து அச்சிடும் கைவேலையில், கூடுதல் எடை முழுவதும் தொழிலாளியின் தோளில் இறங்குகின்றது.

மரச்சட்டம் மலிவானது. ஆனால் ஒவ்வொரு முறையும் நீரில் கழுவப்படுவதால் நாளடைவில் முறுக்கிக்கொள்ளும். நான்கு மூலைகளும் சமதளத்தில் அமராத சட்டத்தில் நிறங்கள் பொருந்தா. ஒரு நிற வேலைக்கு அது போதும். பல நிறங்களுக்கு அலுமினியச் சட்டமே தேவை. அதிலும் பசையிட்டு ஒட்டிய வலை பயன்பாட்டில் மெல்லத் தளரும். இழுவிசை, சென்டிமீட்டருக்கு நியூட்டன் என்னும் அலகில், சிறு கருவியால் அளக்கப்படுகின்றது. ஆடை வேலைகளில் 20 முதல் 25 வரை பொதுவாக ஏற்கப்படும் அளவு. ஒரே படத்துக்கான எல்லா நிறங்களின் சட்டங்களிலும் இது ஏறத்தாழச் சமமாக இருத்தல் வேண்டும்.