நினைவு மங்கிய பெரியோரும் அவர்தம்மைப் பேணுவோரும்

வயது முதிர்ந்தோர்க்குச் சில பெயர்கள் மறப்பதும், பொருளை வைத்த இடம் மறப்பதும் இயல்பு. ஆனால், உண்ட சிறிது நேரத்தில் உண்டதையே மறப்பதும், பல்லாண்டு வாழ்ந்த தெருவில் வழி தவறுவதும், பெற்ற பிள்ளையை யாரென வினவுவதும் மூப்பின் இயல்பல்ல; அவை மூளையைப் பற்றும் மறதி நோயின் அறிகுறிகள் ஆகலாம். இந்நோய்க்குக் காரணங்கள் பல. அவற்றுள் முதன்மையானது, ஜெர்மானிய மருத்துவர் அல்சைமர் 1906-ஆம் ஆண்டு எடுத்துரைத்து, அவர் பெயராலேயே வழங்கும் நோயாகும். தைராய்டு குறைபாடு, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு ஆகியவற்றாலும் மறதி தோன்றலாம். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. ஆதலின் முதற்கண் மருத்துவரை நாடுதல் வேண்டும்.

"எனக்கு இன்னும் சோறு போடவில்லை" என்று மாமியார் அண்டை வீட்டாரிடம் கூறுவார். அரை மணி நேரத்துக்கு முன் ஊட்டிவிட்ட மருமகள் தலைகுனிந்து நிற்பாள். உற்றாரோ அவளையே பழிப்பர். இங்குக் குற்றம் இருவரிடத்தும் இல்லை, நோயினிடத்தே உள்ளது. இதனை அறியாத இல்லத்தில் சினம் வளரும். அறிந்த இல்லத்தில் பொறுமை வளரும்.

பேணுவோர் கடைப்பிடிக்கத் தக்கவை:

1. வாதிடாதிருத்தல். "இப்போதுதானே உண்டீர்கள்" என்று மறுப்பதைவிட, சிறிது மோரோ பழமோ அளித்துப் பேச்சை மாற்றுதல் நன்று.

2. குளியல், உணவு, உறக்கம் ஆகியவற்றை நாள்தோறும் ஒரே நேரத்தில் அமைத்தல்.

3. ஒரு நேரத்தில் ஒரு செய்தியை மட்டும் சிறு சொற்களால் கூறுதல்.

4. திருவிழாக் கூட்டத்துக்கு அழைத்து வருங்கால், பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய சீட்டை அவர்தம் உடையில் வைத்தல்.

5. குழப்பம் திடீரென மிகுந்தால், சிறுநீர்த் தொற்று போன்ற வேறு நோய் இருக்கக்கூடும் எனக் கருதி உடனே மருத்துவரிடம் காட்டுதல்.

பேணுவோர்க்கும் துணை வேண்டும். கோவாவில் 81 குடும்பங்களிடையே நடத்தப்பெற்ற ஆய்வு ஒன்று 2008-இல் வெளியாயிற்று. பயிற்சி பெற்ற பணியாளர் இல்லம் தேடிச் சென்று நோயின் தன்மையை விளக்கி வழிகாட்டிய குடும்பங்களில், பேணுவோரின் மனநலம் மேம்பட்டதை அது காட்டியது. எனவே ஒருவர் தலைமீதே முழுச் சுமையையும் ஏற்றாது, உடன்பிறந்தோர் முறைவைத்துப் பகிர்ந்துகொள்ள வேண்டும். வாரத்தில் அரைநாளேனும் அவருக்கு ஓய்வு கிடைக்கச் செய்தல் மற்றையோர் கடமை.

முதியோர்க்கான உதவிக்கு 14567, மனநல ஆலோசனைக்கு 14416 ஆகிய கட்டணமில்லாத் தொலைபேசி எண்கள் உள்ளன.

பெரியோர் நம்மை மறக்கலாம். அன்பான குரலும் கனிந்த தொடுதலும் அவர்களை அமைதியுறச் செய்யும். அவர்களைப் பேணுவோரை ஆதரிப்பதும் அப்பெரியோரைப் பேணுவதே ஆகும்.