இறால் வெந்த பிறகும் ஏன் ஒவ்வாமை தருகிறது?

முட்டம் போன்ற கடற்கரை ஊரில் இறால் ஒவ்வாத பிள்ளையை வளர்ப்பது லேசான காரியம் இல்லை. "நல்லா வெந்திருக்கு மக்களே, ஒண்ணே ஒண்ணு தின்னு" என்று பாட்டி பாசத்தோடு நீட்டுவாள். ஆனால் வெந்தாலும் ஆபத்துதான்.

இறாலின் தசையில் டிரோபோமயோசின் என்ற புரதம் இருக்கிறது. ஒவ்வாமைக்கு முதன்மைக் காரணம் இதுவே என்று 1993-இல் வெளியான ஆய்வு காட்டியது. கயிறுபோல முறுக்கிய அதன் இரு இழைகள் கொதிநீரில் பிரிந்தாலும், ஆறும்போது மீண்டும் முறுக்கேறிவிடும். பிள்ளையின் உடலிலுள்ள ஐஜிஇ எதிர்ப்பொருள்கள் அதைப் பற்றியதும் மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமினைக் கொட்டும். உதடு வீங்கும், தோல் தடிக்கும், மூச்சு இளைக்கும். சிலருக்கு இறால் வேகும் ஆவியே போதும்.

நண்டிலும் சிங்கி இறாலிலும் ஏறக்குறைய இதே புரதம்தான். மீனில் பெரும்பாலும் தொல்லை தருவது பார்வால்புமின் என்ற வேறு புரதம். ஆகவே மருத்துவர் சோதித்துச் சொன்னால் சாளையும் நெத்திலியும் கொடுக்கலாம். கருவாட்டில்தான் கவனம் வேண்டும். நெத்திலிக் கருவாட்டை முறத்தில் கொட்டிக் கிளறிப் பாருங்கள். கரும்புள்ளிக் கண்ணோடு சுருண்ட கூனி இறால் ஒன்றிரண்டு இடையில் கிடக்கலாம்.

ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்த சூரை, அயிலையில் பாக்டீரியாவே ஹிஸ்டமினை உண்டாக்கிவிடும். அதைத் தின்றால் யாருக்கும் முகம் சிவந்து தடிக்கும். அது ஒவ்வாமை அல்ல, நச்சு.

இறால் தின்ற பிள்ளைக்கு மூச்சுத் திணறினால் முதல் மருந்து தொடையில் போடும் அட்ரினலின் ஊசி. மாத்திரை கொடுத்துவிட்டுக் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.