நாவலுக்குள் வரும் மோர்னிங்சைட்

ரொறன்ரோவின் கிழக்கே, ஸ்காபரோவில், ஹைலண்ட் சிற்றாற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டி அமைந்த மோர்னிங்சைடை நாவலின் களமாகக் கொள்ளும் எழுத்தாளர் முதலில் தீர்மானிக்க வேண்டியது, எந்த ஆண்டின் மோர்னிங்சைட் என்பதையே. 1970களின் இறுதியில் எழுந்த மோர்னிங்சைட் பேரங்காடி இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டுக்குள் இடிக்கப்பட்டு, வாகனத் தரிப்பிடத்தைச் சுற்றித் தனித்தனிக் கடைகள் நிற்கும் வளாகமாக மாறிவிட்டது. எனவே 1992இல் நடக்கும் கதையில் ஒரு முதியவர் பனிக்காலப் பகலை அங்காடிக் கூரையின் கீழ் நடந்தே கழிக்கலாம், 2012இல் நடக்கும் கதையில் அதற்கு வழியில்லை. ஸ்காபரோவும் 1998இல் ரொறன்ரோவுடன் இணைக்கப்படும்வரை தனி நகராகவே இருந்தது.

கட்டடங்களின் வரலாற்றை அறிய ஆவணங்கள் பெரிதும் உதவுகின்றன. ரொறன்ரோ நகர ஆவணக் காப்பகத்தில் 1947 முதல் 1992 வரையிலான வான்வழிப் படங்கள், அதாவது விமானத்திலிருந்து நிலத்தை நேர்கீழாக எடுத்த படங்கள், இருப்பதால், பண்ணை நிலங்கள் மறைந்து தொடர்மாடிகள் எழுந்த வரிசையை அவற்றைக் கொண்டு அறிய முடிகிறது. ஆயினும் பள்ளத்தாக்கு மட்டும் ஏன் வீடுகளின்றிப் பூங்காவாகவே நீடிக்கிறது என்பதைப் படம் சொல்லாது. 1954 ஒக்டோபரில் ஒன்ராறியோவில் 81 பேரைப் பலிகொண்ட ஹேசல் சூறாவளிக்குப் பிறகு, வெள்ளம் பாயும் ஆற்றுத் தாழ்நிலங்களில் குடியிருப்பு கட்டுவது கட்டுப்படுத்தப்பட்டது என்பதை அறியாத எழுத்தாளர், 1980களின் புதுக்குடும்பம் ஒன்றைப் பள்ளத்தாக்கின் அடியில் குடிவைத்துவிடக்கூடும்.

உண்மையான இடர் ஆவணம் நின்றுபோகும் இடத்திலேயே தொடங்குகிறது. 1983க்குப் பின் ஸ்காபரோவுக்கு வந்த ஈழத் தமிழரில் ஒரு பேஸ்மென்டை எத்தனை பேர் பகிர்ந்துகொண்டார்கள், இரவு வேலை முடிந்து திரும்புவோர் எந்தப் பேருந்துக்காகக் காத்துநின்றார்கள் என்பன போன்ற செய்திகள் வாழ்ந்தவர்களின் வாய்மொழியில்தான் கிடைக்கும். வாய்மொழியோ ஆண்டுகளைக் கலந்துவிடும் இயல்புடையது. ஆகவே, எந்த ஆண்டு என்று கேட்பதைவிட, அப்போது மூத்த பிள்ளை எத்தனையாம் வகுப்பில் படித்தது, அங்காடி இருந்ததா என்று கேட்டு, விடையைப் படங்களுடன் ஒப்பிட்டுப் பார்ப்பதே பலன் தரும் முறை.

ஏற்கெனவே எழுதப்பட்ட நாவல்கள் வெவ்வேறு வழிகளைக் காட்டுகின்றன. கேத்தரின் ஹெர்னாண்டஸ் 2017இல் வெளியிட்ட 'ஸ்காபரோ', மோர்னிங்சைடுக்கு அண்மையிலுள்ள கிங்ஸ்டன்–காலவே வட்டாரத்தைப் பெயர் சொல்லியே எடுத்துக்கொண்டு, சிறுவர்களும் பெற்றோரும் வந்துபோகும் வாசிப்பு நிலையம் ஒன்றின் வழியே ஊரை விரிக்கிறது. ஸ்காபரோவில் வளர்ந்து வன்கூவரில் வாழ்ந்துவந்த டேவிட் சாரியாண்டி, அதே ஆண்டில் வந்த 'பிரதர்' நாவலில், 1990களின் தொடக்கத்தைத் தொலைவிலிருந்து மீட்டெடுக்கிறார். ஷியாம் செல்வதுரையின் 'ஹங்ரி கோஸ்ட்ஸ்' (2013) கொழும்பையும் ஸ்காபரோவையும் ஒருங்கே தாங்குவதால், அங்கே ஆய்வு இரண்டு ஊர்களுக்குமானதாகிறது. இதன் மறுதலையாக, அமெரிக்காவில் பிறந்த வி. வி. கணேசானந்தன், 1980களின் யாழ்ப்பாணத்தை 'பிரதர்லெஸ் நைட்' (2023) நாவலில் எழுதி முடிக்க ஏறத்தாழ 20 ஆண்டுகள் சென்றன. ஊரில் வளர்ந்தவருக்கு நினைவும், வெளியிலிருந்து வருபவருக்குக் கேள்வியும் மூலதனம் என்றாலும், நினைவையே நம்பியவர் பழகிய தெருவைப் பாராமலே கடந்துவிடும் அபாயம் கூடுதல் என்றே சொல்ல வேண்டும்.

கேட்டறிந்ததை எவ்வளவு எழுதலாம் என்பது இவை எல்லாவற்றையும்விடக் கடினமான கேள்வி. ஈழத்திலிருந்து வந்தவரின் கதையில் அவருடைய பெயரை மாற்றுவது போதாது. பிறந்த கிராமம், நாட்டைவிட்டு வெளியேறிய மாதம், குடியிருந்த தொடர்மாடி ஆகிய மூன்றும் சேர்ந்தாலே, நெருக்கமாக வாழும் இந்தச் சமூகத்தில் ஆளை அடையாளம் கண்டுவிடுவார்கள். அவருடைய உறவினர் இன்னும் இலங்கையில் இருக்கலாம், குடிவரவு விண்ணப்பத்தில் அவர் சொல்லாத ஒன்று கதையில் வெளிப்படலாம். இதனால் பொறுப்புள்ள எழுத்தாளர், பள்ளத்தாக்கையும் லோரன்ஸ் அவெனியூவையும் அவற்றின் பெயரிலேயே வைத்துக்கொண்டு, மனிதர்களைப் பலரிடமிருந்து சேர்த்துப் புதிதாகப் படைக்கிறார்; ஒருவரிடம் மட்டுமே கேட்ட நிகழ்ச்சியை, அவர் அந்தப் பக்கங்களைப் படித்துச் சம்மதித்த பின்பே அச்சுக்கு அனுப்புகிறார்.