பூநாரை காலை வாரிய கதை

ரெண்டு மாசமா இந்தப் பக்கம் தலைகாட்டலை. ஆணி அதிகம். இங்கே நியூசிலாந்துல நான் புடுங்குற ஆணி, பறவைகளோட கால் எலும்பு. ஒரு அருங்காட்சியகத்தின் பின்பக்க அறையில உட்கார்ந்து வெர்னியர் காலிபரால அளக்கிறது. "இதுக்காடா பிளேன் ஏறினே?"ன்னு அப்பா கேக்கறார்.

கொக்குக்கு முட்டி பின்னாடி மடங்குதுன்னு நினைச்சிருக்கீங்களா? நானும்தான். அது முட்டியே இல்லை, கணுக்கால்! நிஜ முட்டி மேலே இறகுக்குள்ள ஒளிஞ்சிருக்கு. தொடையெலும்பு உடம்போட ஒட்டி, கிட்டத்தட்ட படுத்தவாக்கில் இருக்கும்.

எலும்பை வச்சு பறவையின் எடையைக் கணிக்கணும். இதான் என் ஆய்வு. பெரிய பறவைன்னா நீளக் கால், அவ்ளோதானேன்னு ஆறு வாரம் நீளத்தை மட்டும் அளந்தேன். கிராஃப் போட்டா, பூநாரை மயிலை விட பல மடங்கு கனம்னு வருது! நிஜத்துல பூநாரை சுமார் மூணு கிலோ. ஆண் மயில் அதை விட கனம்.

பூநாரைக்கு அந்தக் கால் தண்ணியில நடக்க. தீக்கோழிக்கு ஓட. அதுக்கு தசையெல்லாம் மேலே தொடைப்பக்கம், கீழே பெரும்பாலும் தசைநார்தான். கீழ்க்கால் லேசா இருக்கிறதால சட்டுனு வீசலாம், மணிக்கு 70 கி.மீ. கூட ஓடும். மீன்கொத்திக்கு கிளையில உட்கார குட்டிக் கால் போதும். ஆக, நீளம் சொல்றது பிழைப்பை, எடையை இல்லை.

எடையைச் சொல்றது தடிமன். கலிலியோ 1638-லயே எழுதிட்டார். உடம்பு எல்லாப் பக்கமும் ரெண்டு மடங்கானா எடை எட்டு மடங்கு. எலும்பின் குறுக்குப் பரப்பு நாலு மடங்குதான். அப்ப எலும்பு கூடுதலா தடிச்சாகணும். ஆனா பெரிய பறவைங்க ஒரு தந்திரம் பண்ணுதுங்க. காடை மாதிரி குந்தி நடக்காம காலைக் கொஞ்சம் நிமிர்த்திக்கும். அதனால கலிலியோ கணக்கு கேக்கிற அளவுக்குத் தடிக்க வேண்டியதில்லை.

இந்த ஊர்ல அழிஞ்சுபோன மோவாவை 1839-ல் ரிச்சர்ட் ஓவன் ஒரே ஒரு தொடையெலும்புத் துண்டைப் பார்த்தே "ராட்சதப் பறவை"ன்னு சொன்னார். அது ரெண்டு முனையும் உடைஞ்ச துண்டு. நீளம் அளக்கவே வழியில்லை. நம்மகிட்ட முழு எலும்பே இருந்தும்... சரி விடுங்க.

சமர்ப்பிக்க மூணு வாரம்தான் இருக்கு. விஷயத்தைச் சொன்னதும் கைடு கோபப்படலை, ஒரு நூல்கண்டை நீட்டினார். தொடையெலும்பு, கீழ்க்கால் எலும்பு எல்லாத்துக்கும் முதல்லேருந்து சுற்றளவு எடுக்கணும். இன்னிக்கு முடிஞ்சது பதினாலு. பூநாரையைத்தான் முதல்ல எடுத்தேன், ஒரு கோபத்துல :-)