பெயர் ஒன்றே, ஆள் வேறு!

ஜூன் மாதம் பள்ளி திறந்துவிட்டது. உங்கள் பள்ளியில் புதிதாக 480 மாணவர்கள் சேர்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவரும் தம் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்துக் கணிப்பொறிக்குள் நுழைய வேண்டும். தம் கோப்புகளைப் பிறர் தொடாதவாறு வைத்துக்கொள்ள வேண்டும். இதற்காக ஒவ்வொருவருக்கும் கணிப்பொறியில் திறக்கப்படும் பதிவையே 'பயனர் கணக்கு' என்கிறோம். வங்கிக் கணக்கைப் போன்றதுதான். பணம் மட்டும் இராது!

இந்த ஏற்பாடு பழமையானது. ஒரே கணிப்பொறியைப் பலர் ஒரே சமயத்தில் பகிர்ந்துகொள்ளும் முறை 1961ஆம் ஆண்டு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் செய்து காட்டப்பட்டது. ஃபெர்னாண்டோ கோர்பட்டோவின் குழு அமைத்த அந்தப் பொறியைப் பலர் பயன்படுத்தியதால், யார் கோப்பு யாருடையது என்று பிரிக்க வேண்டியதாயிற்று. கடவுச்சொல்லும் அங்கே பிறந்ததுதான்.

நம் 480 மாணவர்களிடம் திரும்புவோம். திரையில் தோன்றும் கட்டங்களைக் கையால் நிரப்பி ஒரு கணக்கைத் திறக்க 2 நிமிடம் ஆகுமானால், எல்லாருக்கும் எவ்வளவு நேரம் ஆகும்? மனக்கணக்காகப் போட்டுப் பாருங்கள். ஆம், 16 மணி நேரம்! ஆசிரியர் பாவம் அல்லவா? பெயர்ப் பட்டியலை ஒரு நிரலிடம் கொடுத்துவிட்டால், அவர் ஒரு குவளைத் தேநீர் குடித்து வருவதற்குள் வேலை முடிந்துவிடும்.

அந்த நிரல் தானே கணக்கைத் திறப்பதில்லை. கணக்குப் பதிவேடு இயக்க முறைமையின் காவலில் இருக்கிறது. நிரல் அதனிடம் விண்ணப்பம்தான் போடுகிறது. விண்டோஸ் இயக்க முறைமையில் இதற்கென்றே சில செயற்கூறுகள் உள்ளன. கணக்கைத் திறப்பதற்கு உரியது 'நெட் யூசர் ஆட்'. பெயரின் முன்னால் 'நெட்' ஏன் வந்தது? வலையமைப்பில் இணைந்த வேறொரு கணிப்பொறியிலும் இது கணக்கைத் திறக்க வல்லது. எந்தக் கணிப்பொறி என்பதை முதலில் சொல்ல வேண்டும். ஒன்றும் சொல்லாவிட்டால் நிரல் ஓடும் கணிப்பொறி என்றே கொள்ளப்படும். அடுத்து, எந்த வகை விண்ணப்பப் படிவம் என்பதற்கு ஓர் எண். மூன்றாவதாக, பெயர், கடவுச்சொல், குறிப்பு முதலியவை நிரப்பிய படிவம். நான்காவது ஒரு வெற்றிடம். படிவத்தில் தவறு இருந்தால், எத்தனையாவது கட்டத்தில் தவறு என்பதை இயக்க முறைமை அங்கே எழுதித் தரும். நம் அலுவலகங்களில் இப்படிச் சொல்லி அனுப்பினால் எவ்வளவு நடை மிச்சமாகும்!

பதிலும் எண்ணாகத்தான் வரும். 0 என்றால் வேலை முடிந்தது. 5 என்றால் 'உனக்கு அந்த அதிகாரம் இல்லை' என்று பொருள். நிர்வாகியின் உரிமையோடு ஓடும் நிரலுக்கே இக்கதவு திறக்கும். 2224 என்றால் அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார். 2245 என்றால் கடவுச்சொல் விதிப்படி அமையவில்லை. பெயர் 20 எழுத்துக்கு மிகவும் கூடாது. மீனாட்சிசுந்தரம் என்பதை ஆங்கில எழுத்தில் எழுதினாலே 17 ஆகிவிடுகிறது. தந்தை பெயருக்கு இடமேது? பதில் எண்ணைப் பாராமல் அடுத்த பெயருக்குத் தாவும் நிரல், 480 பேருக்கும் கணக்குத் திறந்துவிட்டதாகச் சொல்லிவிடும். மறுநாள் நான்கைந்து பேர் வாசலில் நிற்பார்கள்.

திறந்த கணக்கின் விவரங்களைக் கேட்டுப் பெற 'நெட் யூசர் கெட் இன்ஃபோ' உதவுகிறது. ஆனால் திரும்பி வரும் படிவத்தில் கடவுச்சொல்லுக்குரிய கட்டம் மட்டும் வெறுமையாக இருக்கும். நிர்வாகியே கேட்டாலும் அப்படித்தான். அவர் புதிய கடவுச்சொல் வைக்கலாம். பழையதைப் படிக்க முடியாது.

இப்போது ஆபத்தான இடத்துக்கு வருகிறோம். கணக்கை அழிப்பது 'நெட் யூசர் டெல்'. கணிப்பொறியின் பெயர், பயனரின் பெயர் ஆகிய இரண்டையும் சொன்னால் போதும். 'உறுதியாகத்தானா?' என்று அது கேட்பதில்லை.

பள்ளியை விட்டுச் சென்றவர்களின் கணக்குகளை நீக்க ஆசிரியர் ஒரு பட்டியல் கொடுக்கிறார். அதில் பத்தாம் வகுப்பு கயல்விழியின் பெயரும் தவறுதலாகச் சேர்ந்துவிட்டது என்று கற்பனை செய்யுங்கள். கணக்கு போய்விட்டது. 'அதனாலென்ன? அதே பெயரில், அதே கடவுச்சொல்லோடு மறுபடி திறந்துவிடுவோம்' என்று உங்களுக்குத் தோன்றும். அப்படியே செய்கிறார்கள். கயல்விழி உள்ளே நுழைகிறாள். திரை வெறிச்சென்று இருக்கிறது! பழைய கோப்புகள் வட்டில் இருக்கத்தான் செய்கின்றன. ஆனால் திறக்கப் போனால் அனுமதி இல்லை என்கிறது கணிப்பொறி. அதே பெயர், அதே கடவுச்சொல், அதே பெண்! ஏன் இப்படி?

உங்கள் பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டை நினைத்துப் பாருங்கள். முருகன் என்ற பெயரில் நாலு பேர் இருக்கலாம். சேர்க்கை எண் ஒருவருக்கு ஒன்றுதான்.  விண்டோஸும் இவ்வாறே ஒவ்வொரு கணக்குக்கும் 'பாதுகாப்பு அடையாள எண்' ஒன்றைத் தருகிறது. அதன் முற்பகுதி அந்தக் கணிப்பொறிக்கு உரியது. கடைசிப் பகுதி ஆளுக்கு உரியது. நிர்வாகிக்கு 500, விருந்தினருக்கு 501. நாம் திறக்கும் கணக்குகள் 1000லிருந்து ஏறிக்கொண்டே போகும். அழிந்த எண் வேறு யாருக்கும் தரப்படுவதில்லை.

கோப்பின் மேல் 'இதைத் திறக்க உரியவர்' என்று எழுதப்பட்டிருப்பது இந்த எண்ணே, பெயரன்று. திரையில் பெயர் தெரிவது நம் வசதிக்காக. கயல்விழியின் எண் 1057 என்று முடிந்ததாகக் கொண்டால், புதிய கணக்கின் எண் 1500 என்று முடியக்கூடும். கணிப்பொறியின் கண்ணுக்கு இவள் வேறு ஆள். பழைய கோப்பின் அனுமதிப் பட்டியலைத் திறந்து பார்த்தால், பெயர் இருந்த இடத்தில் சொந்தக்காரர் இல்லாத நீண்ட எண் மட்டும் நிற்கும்.

நிர்வாகி அந்தக் கோப்புகளின் உரிமையைத் தாம் எடுத்துக்கொண்டு, புதிய எண்ணுக்கு அனுமதி எழுதித் தரலாம். ஒரு கயல்விழிக்கு இது சரி. பட்டியல் முழுவதும் தவறாக இருந்தால்? இதனால்தான் அனுபவமுள்ளவர்கள் உடனே அழிப்பதில்லை. 'நெட் யூசர் செட் இன்ஃபோ' என்ற செயற்கூற்றால் கணக்கை முடக்கி வைக்கிறார்கள். ஆள் நுழைய முடியாது. எண் மட்டும் அப்படியே இருக்கும். தவறு தெரிந்தால் முடக்கத்தை நீக்கிவிடலாம். பெரிய நிறுவனங்களின் மையப் பதிவேட்டில் அழித்த கணக்கைப் பழைய எண்ணோடு மீட்கும் வசதி உண்டு. அதையும் முன்கூட்டியே இயக்கி வைத்திருக்க வேண்டும். தனிக் கணிப்பொறிக்கு அந்த வசதி இல்லை.

லினக்ஸில் இந்தக் கதை தலைகீழாக நடக்கும். அங்கும் கோப்புக்கு உடையவர் எண்தான். நிர்வாகியின் எண் 0. ஆனால் புதிய கணக்குத் திறக்கும்போது, பல இடங்களில், அப்போது இருக்கும் எண்களில் பெரியதற்கு அடுத்த எண் தரப்படுகிறது. கடைசியாகச் சேர்ந்த கயல்விழியின் எண் 1057 என்க. அவள் கணக்கை அழித்துவிட்டுக் கோப்புகளை அப்படியே விட்டுவைத்தால், அடுத்து வரும் செல்வத்துக்கு அதே 1057 கிடைக்கும். அவள் விட்டுச் சென்ற கோப்புகள் அனைத்தும் செல்வத்தின் பெயரில் நிற்கும். அவனுக்கே அது ஏனென்று தெரியாது.