வானத்துல வட்டமடிக்குறது எல்லாம் கழுகு இல்லை

ஆபீஸ் மாடியில டீ குடிக்கும்போது மேல ஒரு பறவை வட்டமடிச்சா, உடனே “மச்சான், கழுகுடா!”ன்னு சொல்லுவோம். சென்னையில பெரும்பாலும் அது பருந்துதான். எப்படிப் பிரிச்சுப் பார்க்கிறதுன்னுதான் இந்த எபிசோட்.

நான் முதல்ல நிறத்தைப் பார்க்குறதில்லை. வெயிலுக்கு எதிரா பார்த்தா எல்லாமே கருப்பு நிழல்தான். அதனால முதல் கேள்வி: வால் எப்படி இருக்கு?

மீன் வால் மாதிரி நடுவுல பிளவு இருந்தா கரும்பருந்து. குப்பைமேடு, மீன் மார்க்கெட் பக்கம் நிறைய சுத்தும். ஒரு விஷயம், வாலை முழுசா விரிச்சா அந்தப் பிளவு மறைஞ்சுடும். அது திரும்புற வரைக்கும் காத்திருங்க.

வால் நுனி வட்டமா இருந்தா செம்பருந்து, நம்ம ஊர் கருடன். வளர்ந்ததுக்கு வெள்ளைத் தலை, செங்கல் நிற உடம்பு. ஆனா இளம் பறவை பழுப்பா இருக்கும், கரும்பருந்துன்னே தோணும். அங்கே வால்தான் கைகொடுக்கும்.

புறா சைஸ்ல, குட்டையான இறக்கை, நீளமான வால், நாலஞ்சு தடவை வேகமா சிறகடிச்சு அப்புறம் மிதந்து போனா, அது வல்லூறு.

சரி, பேர்ல என்ன இருக்கு? இருக்கு. பிணந்தின்னிக் கழுகுன்னு சொல்ற பாறுகள் ஒருகாலத்துல இந்தியா முழுக்க சாதாரணமா இருந்துச்சு. மாடுகளுக்கு வலிக்காகப் போட்ட டைக்ளோஃபினாக் மருந்து, செத்த மாட்டைத் தின்ன பாறுகளோட சிறுநீரகத்தைக் கெடுத்துச்சு. 1990-கள்ல இருந்து வெண்முதுகுப் பாறுகள்ல 99 சதவீதத்துக்கும் மேல அழிஞ்சுபோச்சு. 2006-ல கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடை பண்ணாங்க. தமிழ்நாட்டுல இன்னைக்கு அதுங்க கூடு கட்டுற முக்கியமான இடம் மாயாறு பள்ளத்தாக்கு.

எல்லாத்தையும் “கழுகு”ன்னு சொல்லிட்டிருந்தா, பாறு காணாமப் போனதே நமக்குத் தெரியாது. வானத்துல எப்பவும் ஏதோ ஒண்ணு வட்டமடிச்சுட்டுதானே இருக்கு!

அந்தப் பக்கம் போனா, ரொம்ப அகலமான இறக்கை, விரல் மாதிரி பிரிஞ்ச நுனி, குட்டையான வால், உள்ளே இழுத்த மாதிரி சின்னத் தலை, இதையெல்லாம் தேடுங்க. கீழிருந்து பார்க்க இறக்கையோட முன்பாதி வெள்ளையா இருந்தா வெண்முதுகுப் பாறு.

சந்தேகம் இருந்தா? ஈபேர்ட் ஆப்ல இனம் குறிப்பிடாமலும் பதிவு பண்ணலாம். தப்பான டேட்டாவை விட காலியான டேட்டா எவ்வளவோ மேல். நாளைக்கு டீ பிரேக்ல வாலைப் பார்த்துட்டு வந்து சொல்லுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!